பெட்டிக்கு முன்னால் பேனா

அந்த நீல நாற்காலியைக் கண்டாலே ஷீலாவுக்கு ஆகாது. மந்தைவெளியில் தணிகாசலத்தின் இன்டர்நெட் ஆபீஸுக்குள் நுழைந்ததும் இடது பக்கம், டெலிபோன் மேஜையை ஒட்டிக் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலி அது. ஒரு கால் லேசாக ஆடும். அதில் ஏழு வருடம் உட்கார்ந்து, நெட் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்கெல்லாம் "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம். தூக்கத்தில் தட்டி எழுப்பினால்கூட ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுகிறாள் என்று அவள் புருஷன் பிரபு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

நாலு வருடத்துக்கு முன்னால், லைன் வேலை பார்த்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். "நான் கத்துக்கறேண்ணா" என்று ஷீலாவே போய் நின்றாள். தணிகாசலம் முதலில் சிரித்தார். அப்புறம் வேறு வழியில்லாமல் கிண்டியில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார். தலைமுடி தடிமன்கூட இல்லாத கண்ணாடி இழைகள் இரண்டை எதிரெதிரே வைத்து, மெஷினுக்குள் ஒரு பொறி பறக்க ஒட்ட வைக்கிற வேலை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். ஏழு வருடம் கத்துகிறவர்களிடம் பொறுமையாகப் பேசியவளுக்கு இந்தக் கண்ணாடி இழை எம்மாத்திரம்? பத்தே நாளில் சொன்ன பேச்சைக் கேட்டது.

இந்த வருடம் அவள் பேர் சொல்ல ஒரு லைன் அமைந்தது. மந்தைவெளி ஆபீஸிலிருந்து அடையாறு வரை நாலரை கிலோமீட்டர். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு, கிரீன்வேஸ் சாலை வழியாக, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, எல்.பி. ரோடு வரைக்கும் மொத்தம் ஒன்பது ஜாயின்ட். ஒன்பதும் அவள் ஒட்டியது. ஏணி பிடித்தவர் ஆசிஃப் பாய். லைன் போய்ச் சேருகிற இடம் வைரவன் அண்ணாச்சியின் புதுத் துணிக்கடை. தி.நகரில் இருக்கிற பெரிய கடையும் அடையாற்றில் திறக்கப்போகிற கிளையும் ஒரே கம்ப்யூட்டரில் பேசிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தீபாவளிக்கு எந்தப் புடவை எங்கே இருக்கிறது என்று தெரியும். தி.நகர் கடைக்குத் தணிகாசலத்தின் லைன் ஏற்கெனவே இருக்கிறது. அடையாறுதான் பாக்கி.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஷீலா அதைச் சோதித்துப் பார்த்தாள். இந்த முனையில் வெளிச்சம் அனுப்பும் கருவி, அந்த முனையில் அதை அளக்கும் மீட்டர். வழியில் எவ்வளவு வெளிச்சம் தொலைந்தது என்பதை மீட்டர் டெசிபல் கணக்கில் சொல்லும். எண் குறைய இருந்தால் வேலை சுத்தம் என்று அர்த்தம். மூன்று புள்ளி நாலு என்றது. அந்த எண்ணை செல்போனில் படம் பிடித்துப் பிரபுவுக்கு அனுப்பினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் இரண்டு கைதட்டும் பொம்மைகளைத் திருப்பி அனுப்பினான்.

அப்புறம் ஆயுத பூஜை. தணிகாசலத்துக்குத் தீபாவளி, பொங்கலெல்லாம் அப்புறம்தான். ஆயுத பூஜை என்றால் மனிதர் தலைகால் புரியாமல் ஆடுவார். வாசலில் வாழைக்கன்று, மேஜை நிறைய பொரி, சுண்டல், ஏணிக்கு மாலை, பழைய டிரில்லிங் மெஷினுக்குக்கூடக் கதம்பம். சாமான்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, ஒட்டும் மெஷின், மீட்டர், கத்தரி, குறடு என்று ஒன்று விடாமல் மோதிர விரலால் சந்தனம் தொட்டு மேலே குங்குமம் வைப்பது ஷீலாவின் பொறுப்பு. நாலு வருடமாக அவள்தான் செய்கிறாள். சாம்பிராணிப் புகையில் கண் எரிய, அந்த வருடமும் பக்தி சிரத்தையாக வைத்து முடித்தாள். ஆசிஃப் பாய் பொரியில் இரண்டு பங்கு வாங்கி லுங்கி மடிப்பில் கட்டிக்கொண்டு போனார்.

விஜயதசமி கழிந்து வெள்ளிக்கிழமை, அண்ணாச்சி கண் முன்னால் லைனை ஒப்படைக்கிற நாள். மீட்டரைச் சொருகினாள். பதினொன்று புள்ளி இரண்டு.

ஷீலா எடுத்துச் சொருகினாள். பதினொன்று புள்ளி இரண்டு. கம்ப்யூட்டரும் தி.நகர் கடையைப் பார்க்க மாட்டேன் என்றது. வைரவன் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஞாயித்துக்கிழமை காலையில கடை திறக்கேன். பத்திரிகை அடிச்சுக் குடுத்தாச்சு. உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாக்கேன்" என்றார்.

சனிக்கிழமை காலை ஆபீஸில் தணிகாசலம் பேச்சை எடுத்தார்.

"ஷீலாம்மா, கோச்சிக்காத. வேளச்சேரில ஒரு கான்ட்ராக்டர் கீறாரு. நாலு மணிக்கு வரச் சொல்லிட்டேன். உன் லைன அறுத்துப் போட்டுட்டுப் புதுசா இழுக்கறேன்னு சொல்றாரு. இனிமே எல்லா லைனும் அவரே பாத்துப்பாராம்."

"அப்ப நானு?"

தணிகாசலத்தின் கண் இடது பக்கம் போயிற்று. நீல நாற்காலி சமர்த்தாக மேஜைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது.

"நாலு மணி வரைக்கும் டைம் குடுண்ணா" என்றாள் ஷீலா. "நான் போட்ட லைன்ணா அது. திங்கக்கெழம மூணரை காட்டுச்சு. காக்கா வந்து கடிச்சிட்டுப் போச்சா?"

"நான் வேணாங்கல. அந்தப் பொட்டிக்காரப் புள்ளையாண்டானும் இன்னிக்கு வரேன்னு சொல்லிக் கீறான். ரெண்டு வருசமா கேட்டுகினு இருந்தியே, அந்தப் பொட்டியக் கொண்டாறான். அத்த வெச்சுப் பாரு. இந்த வருசம் ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும், எத்த வாங்கலாம்னு நீயே சொல்லு. ஆனா நாலு மணி தாண்டுச்சுன்னா என் கைல ஒண்ணும் இல்ல."

பெட்டி என்று அவர் சொன்னது ஓ.டி.டி.ஆர். என்ற கருவியை. மீட்டர் மொத்தத்தில் எவ்வளவு தொலைந்தது என்று மட்டும்தான் சொல்லும். இந்தப் பெட்டியோ இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வருகிறதை வைத்துக்கொண்டு, எத்தனையாவது மீட்டரில் கோளாறு என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடும். கம்பம் கம்பமாக ஏறி இறங்க வேண்டாம். ஷீலா அதன் படத்தைச் செல்போனில் வைத்திருந்தாள். பிள்ளைகள் படத்துக்கு அடுத்த படம் அதுதான்.

அடையாற்றுக் கடையில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. லைன் வந்து முடிகிற இடம் அங்கேதான். சுற்றிலும் பிரிக்காத புடவைக் கட்டுகள், புதுத் துணி வாசனை. வெளியே வைரவன் அண்ணாச்சி போனில் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தார். "ரெண்டாம் கவுன்டர் மெஷின் மூணு நாளா படிக்க மாட்டேங்கு. பார்கோடக் காட்டுனா சும்மா முழிக்கு. புது மெஷின்னு குடுத்தியளா, பழசத் துடைச்சுக் குடுத்தியளா?" இரண்டாம் கவுன்டர் பெண் பரிதாபமாக நின்றாள். ஷீலாவுக்கு அவள் மேல் பாவமாக இருந்தது. தன் மேல் அதைவிடப் பாவமாக இருந்தது.

அஸ்வத் பன்னிரண்டு மணிக்கு வந்தான். தி.நகரில் கருவிகள் விற்கிற கம்பெனியின் ஆள். இஸ்திரி கலையாத சட்டை, முதுகில் பெரிய பை. பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தபோது ஷீலாவுக்கு இருக்கிற கவலையிலும் ஒரு நிமிஷம் முகம் மலர்ந்தது. மஞ்சளும் கறுப்புமாக, ரப்பர் ஓரத்தோடு, தொட்டால் வேலை செய்கிற திரையோடு, அடேயப்பா, ராஜா மாதிரி இருந்தது.

"சுவரில் இருக்கிற அந்த முனையை இப்படிக் கொடுங்க மேடம்" என்று வாங்கி நேராகப் பெட்டியில் சொருகினான். திரையில் ஒரு கோடு வந்தது. வந்த உடனேயே, ஆரம்பத்திலேயே, தொபுக்கென்று விழுந்தது. அதற்குப் பிறகு வெறும் கிறுக்கல்.

"பாத்தீங்களா சார்?" என்றான் தணிகாசலத்திடம். "வேற மெஷினா இருந்தா நாள் பூரா தேடணும். இது ஒரே நிமிஷம். இங்கேருந்து ஸ்டார்ட்டிங்லயே போயிருக்கு. கடைக்குப் பக்கத்துல இருக்கிற முதல் ஜாயின்ட்தான் பிராப்ளம்."

தணிகாசலம் ஷீலாவைப் பார்த்தார். அந்த முதல் ஜாயின்ட், கடை வாசலில் இருக்கிற கம்பத்தில், அவள் பிறந்தநாளன்று போட்டது. நன்றாக நினைவிருக்கிறது. ஆசிஃப் பாய் கீழே இருந்து ஒரு தேங்காய் பன் நீட்ட, ஏணியில் உட்கார்ந்தே தின்றாள்.

ஏணியைப் போட்டார்கள். ஆபீஸில் வெளிச்சக் கருவியை ஓடவிட்டு ஆசிஃப் பாய் வந்திருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஷீலா பழைய ஜாயின்டை வெட்டி எறிந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒட்டினாள். இந்தக் கம்பத்தில் இனி குறை சொல்ல ஒன்றுமில்லை என்று மெஷின் திரை சொன்னது. இறங்கி வந்து மீட்டரைச் சொருகினாள்.

பதினொன்று புள்ளி இரண்டு.

அஸ்வத் பெட்டியைச் சொருகினான். அதே இடத்தில் அதே தொபுக்.

"அப்ப அடுத்த ஜாயின்டும் போயிருக்கும் மேடம்" என்றான் அஸ்வத். அவன் பேரில் தப்பில்லை, பெட்டி சொல்வதைத்தான் சொன்னான்.

மணி இரண்டு. வைரவன் அண்ணாச்சி அவனையும் தணிகாசலத்தையும் மாடிக்குக் கூட்டிப் போனார். காப்பியும் முறுக்கும் வந்திருந்தன. கோபம் எவ்வளவு இருந்தாலும் வந்தவர்களைப் பட்டினி போட மாட்டார். "நீயும் வாம்மா" என்றார். "அப்பால வரேன் அண்ணாச்சி" என்று ஷீலா புடவைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆசிஃப் பாய் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாய்."

"சொல்லு."

"ஒரு துளிகூட மாறல பாத்தியா? பழைய ஜாயின்ட் கெட்டுப் போயிருந்தா, புதுசு ஒட்டுனதும் நல்லாவாச்சும் ஆயிருக்கணும். இல்ல, நான் சொதப்பி இருந்தேன்னா மோசமாவாச்சும் ஆயிருக்கணும். அதே பதினொண்ணு புள்ளி ரெண்டு. அறுத்து எறிஞ்சாகூட ரோசமே இல்லாம அதே நம்பரு."

"அதுக்கு?"

"தப்பு ஜாயின்ட்ல இல்ல. நீ ஆபீஸுக்குப் போயி அந்த வெளிச்சக் கருவிய எடுத்துகினு வந்துடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, நடுவுல ஒரே ஒரு மீட்டர் வயரு. லைனே வேணாம்."

"ஒரு மீட்டர் வயர டெஸ்ட் பண்றதுக்கு என்ன நாலரை கிலோமீட்டர் ஓட்டுவியா?" என்று முனகிக்கொண்டே ஆசிஃப் பாய் எழுந்தார். ஆனால் போனார். கிரீன்வேஸ் சாலை நெரிசலில் போய், அதே நெரிசலில் திரும்பி வந்து சேர மணி மூன்று ஆயிற்று. ஷீலாவுக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரு யுகம். நடுவில் மாடியிலிருந்து தணிகாசலம் எட்டிப் பார்த்து, "கான்ட்ராக்டரு கெளம்பிட்டாராம்மா" என்று ஈனசுரத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அஸ்வத்தின் பை அறையிலேயே இருந்தது. அதில் ஒட்டுப் பிரிக்காத புது வயர் ஒன்றை எடுத்தாள். "சார், ஒரு வயரு எடுத்துக்கறேன்" என்று கீழே இருந்தே கத்திக் கேட்டுக்கொண்டாள். மேலேயிருந்து "ஓகே மேடம்" என்று முறுக்கு நிறைந்த வாயோடு குரல் வந்தது. ஒரு முனையை வெளிச்சக் கருவியில், மறு முனையை மீட்டரில் சொருகினாள்.

ஒரு மீட்டர் வயரில் என்ன தொலைந்துவிடப் போகிறது? பூஜ்யம் என்று வர வேண்டும்.

ஏழு புள்ளி ஆறு.

"அட நாசமா போற மீட்டரே!" என்று ஷீலா துள்ளி எழுந்ததில் புடவைக் கட்டு சரிந்தது. "பாய், பதினொண்ணு புள்ளி ரெண்டுல ஏழு புள்ளி ஆறு போனா எவ்ளோ?"

ஆசிஃப் பாய் விரல் விட்டார். "மூணு புள்ளி ஆறு."

"மூணு புள்ளி ஆறு! திங்கக்கெழம மூணு புள்ளி நாலு. என் லைனு நல்லா கீது பாய்! மெய்யாலுமே நல்லா கீது! இந்த மீட்டருதான் டபாய்க்குது!"

அஸ்வத்தின் பையில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் கேமரா இருந்தது, கூடவே உள்ளங்கை அளவு திரை. வயர் முனையைப் பெரிதாக்கிப் பார்க்கிற சாமான். அவன் பெட்டியை எடுக்கும்போது வெளியே வந்து விழுந்தது, அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஷீலா மீட்டரில் சொருகியிருந்த முனையை உருவி அந்தக் கேமராவில் வைத்தாள். சுத்தமான முனை என்றால் சாம்பல் நிற வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் தெரியும். இங்கே வட்டம் முழுக்கத் திட்டுத் திட்டாக ஏதோ அப்பிக் கிடந்தது.

இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் பொட்டலம் பிரித்த புது வயர். இந்த அழுக்கு எங்கேயிருந்து வந்தது? ஷீலா மீட்டரின் தலையில் இருக்கிற திருகைக் கழற்றி, செல்போன் டார்ச்சை அடித்து, வயர் சொருகுகிற அந்தக் குட்டி வாய்க்குள் பார்த்தாள். அடியில் மஞ்சள். அதற்கு மேல் சிவப்பு.

சந்தனம். குங்குமம்.

அவள் அப்படியே நின்றாள். மோதிர விரலைத் தூக்கிப் பார்த்தாள். மீட்டரை நிற்க வைத்தால் நெற்றி மாதிரி மேலே இருப்பது அந்த வாய்தான். வருடா வருடம் அதன் மூடி மேல்தான் பொட்டு வைப்பாள். இந்த வருடம் எப்படி உள்ளே போயிற்று? வெளியே ஒட்டியதை மறுநாள் துணியால் துடைத்ததும் ஞாபகம் வந்தது. வெளிச்சக் கருவி அன்றைக்குப் படுத்துக் கிடந்ததால் முதுகில் பொட்டு வாங்கிக்கொண்டு தப்பித்திருந்தது. அதோடு போனதா? நேற்று இந்த மீட்டரைச் சுவரில் இருக்கிற முனையில் சொருகினாள். அதிலும் ஒட்டியிருக்கும். இன்றைக்கு அதே முனையைத்தான் அஸ்வத் தன் பெட்டியில் சொருகினான். பெட்டி ஏன் ஆரம்பத்திலேயே தொபுக்கென்று விழுந்தது என்று இப்போது விளங்கியது.

ஆசிஃப் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க லுங்கியால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஷீலா, நான் சொல்றதக் கேளு. தொடைச்சிடு. கம்முனு மேல போயி, ஜாயின்ட சரி பண்ணிட்டேன், லைன் வந்துடுச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது? பொட்டு வெச்சு மீட்டரக் கெடுத்தேன்னு சொன்னா ஆயுசுக்கும் கலாய்ப்பானுங்க. அண்ணாச்சி தி.நகர் முழுக்கச் சொல்லுவாரு."

சொல்வார்தான். ஷீலாவுக்கும் அது தெரியும். இந்த வேலைக்கு ஒரு பொம்பளை வந்தாளே என்று ஏற்கெனவே உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகும். துடைத்துவிட்டால் போயிற்று. ஒரு கணம் கை துணியைத் தேடவும் செய்தது.

"ஜாயின்ட சரி பண்ணேன்னு சொன்னா, ஜாயின்ட் கெட்டிருந்துச்சுன்னு அர்த்தம் பாய்" என்றாள். கண் கலங்கிவிட்டது. "ஒம்பது ஜாயின்ட் போட்டேன். ஒண்ணுகூடக் கெடல. என் கை தப்பு பண்ணுச்சு, சொல்லிக்கறேன். என் லைன் மேல ஏன் பழி போடணும்?"

மீட்டரையும் குட்டிக் கேமராவையும் எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மாடியில் மூன்று பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஷீலா மூச்சு வாங்க நின்று, ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அண்ணா, லைன் நல்லா கீது. தப்பு என்னுது. ஆயுத பூஜைக்கு நான் வெச்ச பொட்டு மீட்டரு வாய்க்குள்ள போயிடுச்சு. சந்தனம், குங்குமம் ரெண்டும் உள்ள கீது. அத்த வெச்சுதான் நேத்து அளந்தேன். கீழ செவுத்துல இருக்கற முனைக்கும் ஒட்டிகிச்சு. அத்த அஸ்வத் சாரு தன் பொட்டில சொருவுனாரு. அதுக்குள்ளயும் போயிருக்கும்."

அஸ்வத்தின் காப்பி சட்டையில் கொட்டியது. "மேடம்! அது டெமோ பீஸ்!" என்று அலறிக்கொண்டு கீழே ஓடினான்.

வைரவன் அண்ணாச்சி வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் பார்த்தார். தணிகாசலம் மீட்டரை வாங்கி உள்ளே பார்த்தார். அவர் முகம் போன போக்கு ஷீலாவுக்குப் புரியவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வருசா வருசம் மூடி மேலதாண்ணா வெப்பேன். இந்த வருசம் எப்டி உள்ள போச்சுன்னே தெரியல. பொகையில கண்ணு தெரியல போல. நீ இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

தணிகாசலம் சீலிங் ஃபேனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மூடிய நான்தாம்மா கழட்டனேன்."

"இன்னாது?"

"சாமி முன்னாடி எல்லாம் தொப்பி போட்டுகினு நின்னாப்ல இருந்துச்சு. மரியாதையா இல்ல. அதான் நீ வர்றதுக்கு முன்னாடி எல்லா மூடியையும் கழட்டி டப்பால போட்டேன். பூஜை முடிஞ்சதும் நானே மாட்டிட்டேன்." குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. "நல்லதுன்னு நெனச்சுதாம்மா பண்ணேன்."

ஷீலாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போன வேகத்தில் சிரிப்புதான் வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தணிகாசலமும் அசடு வழியச் சேர்ந்துகொண்டார். அண்ணாச்சி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏம்மா, பொட்டு வெச்சா மெஷின் படிக்காதோ?"

"எந்த மெஷின் அண்ணாச்சி?"

"இல்ல... ரெண்டாம் கவுன்டர்ல பார்கோடு மெஷின். வீட்டுல இசக்கியம்மாதான் பூஜைக்கு வந்து எல்லாத்துக்கும் பொட்டு வெச்சா. அந்த மெஷினுக்கு முன்னால கண்ணாடி அகலமா இருக்கா, நடு மத்தியில வெச்சா எடுப்பா இருக்கும்னு வெச்சுட்டா." அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மூணு நாளா அந்தக் கம்பெனிக்காரன நான் பேசாத பேச்சு இல்ல."

கீழே வந்தார்கள். அஸ்வத் தன் பெட்டியின் வாய்க்குள் பேனா மாதிரி ஒன்றை விட்டு அழுத்திக்கொண்டிருந்தான். டிக், டிக் என்று சத்தம் வந்தது. முனையில் ஓடுகிற மெல்லிய நாடா, அழுக்கை வழித்துக்கொண்டு போய்விடும். ஷீலா அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். சுவரில் இருந்த முனைக்கு இரண்டு டிக். மீட்டரின் வாயை அவன் கொடுத்த திரவத்தில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்க ஐந்து நிமிஷம். குச்சிகள் மஞ்சளும் சிவப்புமாக வந்து விழுந்தன. ஆசிஃப் பாய் வெளிச்சக் கருவியோடு மறுபடியும் மந்தைவெளிக்குப் பறந்தார். இந்த முறை முனகவில்லை.

மணி நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது போன் செய்தார். "ஆன் பண்ணிட்டேன், பாரு."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மூன்று புள்ளி மூன்று. முன்னால் இருந்ததைவிடக் குறைவு. மத்தியானம் திரும்பப் போட்ட ஜாயின்ட் இன்னும் நன்றாக அமைந்திருந்தது போல. அஸ்வத் பெட்டியைச் சொருகினான். கோடு நீளமாக, ஒழுங்காக, அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி மந்தைவெளி வரைக்கும் போயிற்று. ஒன்பது ஜாயின்டும் எங்கே இருக்கின்றன என்று தேடத்தான் வேண்டியிருந்தது, அவ்வளவு சின்னப் படி. மாடியில் கம்ப்யூட்டர் பையன் "தி.நகர் வந்துடுச்சு!" என்று கத்தினான்.

இரண்டாம் கவுன்டரில் ஷீலாவே போய் மெஷினின் கண்ணாடியைத் துடைத்தாள். கவுன்டர் பெண் ஒரு சுங்குடிப் புடவையைக் காட்டினாள். பீப் என்றது. அந்தப் பெண் ஷீலாவைக் கட்டிக்கொண்டாள்.

தணிகாசலம் கடை வாசலுக்குப் போய் யாருக்கோ போன் செய்து, நிறைய தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வேளச்சேரிக்காரர் பாதி வழியில் வந்திருந்தாராம்.

"சரி, அந்தப் பஞ்சாயத்து முடிஞ்சுது" என்றார். "இப்ப சொல்லு ஷீலாம்மா. ஒரு சாமான்தான். பொட்டிய வாங்கிடலாமா? ஸோக்கா கோடு போடுது."

ஷீலா பெட்டியைப் பார்த்தாள். அதன் மஞ்சள் ஓரத்தை ஒரு தடவை தடவினாள். இரண்டு வருட ஆசை, இல்லையென்று சொல்ல முடியுமா? அப்புறம் கையை எடுத்தாள்.

"வேணும்ணா. ரொம்ப வேணும். ஆனா முனை அழுக்கா இருந்தா இதுவும் பொய்தான் சொல்லுது. இன்னிக்கு மத்தியானம் என் ஜாயின்ட் மேல கை காட்டுச்சு பாத்த இல்ல? மொதல்ல இந்தப் பேனாவும் இந்தக் குட்டிக் கேமராவும் வாங்கு. ரெண்டும் ஒரே டப்பால வருது, ஒரு சாமான்தான் கணக்கு. சொருவறதுக்கு முன்னாடி பாக்கணும், தொடைக்கணும், அப்பால சொருவணும். பொட்டி என்னிக்காச்சும் தேவைன்னா அஸ்வத் சாரு வாடகைக்குக் குடுப்பாரு."

அஸ்வத் பெருமூச்சு விட்டான். "குடுக்கறேன் மேடம். துடைச்சுட்டுத் திருப்பிக் குடுங்க, அது போதும்."

"ரெண்டு வருசமா கேட்டியேம்மா" என்றார் தணிகாசலம். அவருக்கே மனசு கேட்கவில்லை.

"கேப்பேன். அடுத்த வருசமும் கேப்பேன். நீ தப்பிச்சிட்டேன்னு நெனச்சுக்காத."

புதன்கிழமை பார்சல் வந்தது. புது சாமான் என்றால் பொட்டு வைக்காமல் தொடுவாரா மனிதர்? குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு தணிகாசலம் அறைக்குள்ளிருந்து வந்தார். ஷீலா பேனாவையும் கேமராவையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஆசிஃப் பாய் ஒரு அடி முன்னால் வந்து குறுக்கே நின்றார். தணிகாசலம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டப்பா மேலயாச்சும் வெச்சுக்கறேனே" என்றார்.

ஷீலா காலி அட்டை டப்பாவை நீட்டினாள். அவர் நிதானமாகச் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். பொட்டு வைத்த டப்பாவைத் தரையில் போடக் கூடாது அல்லவா? ஷீலா சுற்றிலும் பார்த்தாள். அப்புறம் டெலிபோன் மேஜைக்கு அடியிலிருந்து அந்த நீல நாற்காலியை இழுத்து, அதன் மேல் டப்பாவைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, ஏணியைத் தூக்கத் தோள் கொடுத்தாள்.